பொதுப் பட்டறையில் ஒரு பொத்தான்

கணினித் திரைமுன் அமர்ந்து அலுவல் பார்க்கும் ஒருவர், ஒரு நாளிலே எத்தனை பொத்தான்களை அழுத்துகின்றார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ‘சேமி’ என்றொரு பொத்தான், ‘மூடு’ என்றொரு பொத்தான், பெயர் எழுதுதற்கு ஒரு வெற்றுப் பெட்டி, ஆம் அல்லது இல்லை என்று குறித்தற்கு ஒரு சிறு கட்டம், நீண்ட பட்டியலை மேலும் கீழும் நகர்த்துதற்கு ஓரத்திலே ஒரு பட்டை. இவற்றின் ஊடாகத்தான் மனிதர் கணினியோடு பேசுகின்றனர். இவை தாமாக விளைந்தவை அல்ல. யாரோ சிலர் இருந்து, வரி வரியாக நிரல் எழுதி உண்டாக்கியவை.

ஆயினும், செய்நிரல் எழுதும் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பொத்தானைத் தாமே புதிதாகச் செய்துகொள்வதில்லை. வீடு கட்டுகின்றவர் கதவின் பிணைச்சலையும் பூட்டையும் தாமே வார்த்தெடுக்கின்றாரா? கடையிலே ஆயத்தமாக உள்ளதை வாங்கிப் பொருத்துகின்றார். அவ்வாறே, திரையுறுப்புகளை முன்னமே செய்து அடுக்கி வைத்த ஒரு தொகுதியிலிருந்து, வேண்டியதை எடுத்துத் தம் செய்நிரலிற் பொருத்துவதே கணினியாளரின் வழக்கம். அத்தொகுதியை நிரலகம் என்பர்; அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பையும் விட்ஜெட் என்பர். இந்தச் சொல்லின் வரலாறு சற்றே வேடிக்கையானது. 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேடையேறிய ஒரு நாடகத்திலே, தொழிற்சாலை ஒன்றிற் செய்யப்படும் ஏதோ ஒரு பொருள், இன்னதென்று சொல்லப்படாத பொருள், இப்பெயரால் வழங்கப்பட்டது. 1980களில் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் உழைத்தோர், வேறு எச்சொல்லை எடுத்தாலும் அதற்கு முன்னமே ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, பொருளில்லாத இந்தச் சொல்லையே தெரிந்தெடுத்தனர்.

இத்தகைய நிரலகங்களிற் சில திறந்த மூல நிரலகங்கள். அவற்றின் மூலநிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், தாம் செய்த மாற்றத்தைப் பிறருக்கும் பயன்படுமாறு அனுப்பி வைக்கலாம். அவ்வாறு அனுப்பி வைக்கப்படும் நிரலுக்கு என்ன நேர்கின்றது, அதனை ஏற்பவர் எதை ஏற்கின்றார், கொடுப்பவர் எதைக் கொடுக்கின்றார் என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொதுவாகப் பேசினால் காற்றிலே பேசுவதாக முடியும். ஆதலால், ஜி.ரி.கே. என்னும் ஒரு நிரலகத்தையே எடுத்துக்கொள்கின்றேன்.

1995ஆம் ஆண்டில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திலே ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மாற்றிஸ் என்னும் இரு மாணவர்கள் படங்களைத் திருத்துதற்கு உதவும் செய்நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினர். கிம்ப் என்பது அதன் பெயர். 1996இல் அது பொதுமக்கள் கைக்கு வந்தபோது, அதன் பொத்தான்களும் பட்டியல்களும் மோட்டிஃப் என்னும் நிரலகத்திலிருந்து எடுக்கப்பட்டவையாய் இருந்தன. மோட்டிஃப் நல்ல சரக்குத்தான். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. லினக்ஸ் கணினியை வைத்திருந்த மாணவர் பலரிடம் அது இல்லை. செய்நிரல் இலவசமாய்க் கிடைத்தாலும், அதனைத் தம் கணினியிலே தாமே கட்டியெழுப்ப அவர்களால் இயலவில்லை. திறப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பூட்டுக்கு விலை சொன்ன கதைபோல ஆயிற்று. ஆகவே மாற்றிஸ் தாமே ஒரு சிறு நிரலகத்தை எழுதினார். கிம்பின் கருவிப்பெட்டி என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ஜி.ரி.கே.

ஒரு செய்நிரலின் தேவைக்காகப் பிறந்த அந்நிரலகம், விரைவிலே அதனைவிட்டுப் பிரிந்து தனி வாழ்வு பெற்றது. அதற்குக் காரணம் வேறொரு வழக்கு. 1996 ஒக்டோபரில் ஜேர்மனியிலே மத்தியாஸ் எற்றிச் என்னும் மாணவர், லினக்ஸ் முதலிய கணினிகளுக்கு எழில்மிக்க மேசைச்சூழல் ஒன்றை ஆக்குவதற்கு அழைப்பு விடுத்தார். கே.டி.ஈ. என்பது அத்திட்டத்தின் பெயர். அவர் தெரிந்தெடுத்த நிரலகம், நோர்வே நாட்டு நிறுவனம் ஒன்று ஆக்கிய கியூட். அது அந்நாளில் திறந்த செய்நிரல்களுக்கு இலவசமாகக் கிடைத்ததேயன்றி, அதனை மாற்றிப் பிறருக்கு வழங்கும் உரிமை எல்லார்க்கும் கிடைத்திலது. அடித்தளம் ஒருவருக்குச் சொந்தமாயிருக்க, அதன்மேல் ஊர்ப் பொதுமண்டபம் எழுப்பலாமா என்று சிலர் வினவினர். 1997 ஓகஸ்டில் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகுவேல் டி இக்காசாவும் பெடரிக்கோ மேனாவும் க்னோம் என்னும் மற்றொரு திட்டத்தைத் தொடங்கினர், அவர்கள் ஜி.ரி.கே.யைத் தம் அடித்தளமாகக் கொண்டனர். ஜி.ரி.கே. 1.0 பதிப்பு 1998 ஏப்ரிலில் வெளிவந்தது. பிற்காலத்தில் அவ்வழக்கு தணிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டிலே கியூட் பொது உரிமத்தின் கீழ் வந்தது. மோட்டிஃப்கூட 2012இல் திறந்த உரிமம் பெற்றது. எனினும், பொத்தான் செய்யும் தொழில் உரிமை பற்றிய வழக்கிலேதான் வளர்ந்தது என்பதை நினைவிற் கொள்வது நன்று.

ஜி.ரி.கே.யின் உரிமப் பத்திரம் கூறுவது சுருக்கமாக இதுதான். எவரும் தம் செய்நிரலில் இந்த நிரலகத்தைப் பயன்படுத்தலாம். விலைக்கு விற்கும் மூடிய செய்நிரலிலும் பயன்படுத்தலாம். ஆனால் நிரலகத்தையே மாற்றிப் பிறர்க்கு வழங்குவோர், தாம் மாற்றிய மூலநிரலையும் அவர்கள் பெறுமாறு செய்ய வேண்டும். வெளியிலிருந்து நிரல் அனுப்புவோர் தம் பதிப்புரிமையை எவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அஃது அவரவரிடமே இருக்கும். கியூட்டுக்கு நிரல் அளிப்போர் முன்னதாக ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட வேண்டும். இரு வீட்டு வழக்கமும் இவ்வாறு வேறுபடுகின்றன.

இனி, செயலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கணினி பயிலும் மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். பொத்தான் ஒன்றின்மீது தமிழ்ச் சொல்லொன்றை எழுதியபோது, உகரக் குறியின் அடிப்பாகம் வெட்டுப்பட்டுத் தோன்றுவதை அவர் காண்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலிற் செய்ய வேண்டியது நிரல் எழுதுவது அன்று. குற்றம் எங்கே உள்ளது என்று அறிவதே. எழுத்துருவை வரைந்தவர் உயர அளவைப் பிழையாகக் குறித்திருக்கலாம். எழுத்துகளை வரியாக அடுக்கும் பாங்கோ என்னும் துணை நிரலகத்தில் வழு இருக்கலாம். அதற்குங் கீழே எழுத்துகளின் வடிவைத் தெரிந்தெடுக்கும் ஹார்ஃப்பஸ் என்பதில் இருக்கலாம். அல்லது, பொத்தானைப் பயன்படுத்திய செய்நிரல் அதன் உயரத்தைத் தன் விருப்பப்படி குறுக்கியிருக்கலாம். இந்த நான்கினையும் ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே, வழு ஜி.ரி.கே.யில் உள்ளது என்று சொல்ல முடியும். மருத்துவர் நோயின் இடத்தை அறிவதுபோன்ற வேலை இது. பெரும்பாலும் மொத்த உழைப்பிற் பாதி இங்கேயே செலவாகிவிடும்.

அடுத்து, அக்குறையை மட்டும் காட்டக்கூடிய மிகச் சிறிய செய்நிரல் ஒன்றை அவர் எழுதுவார். ஒரு சாளரம், ஒரு பொத்தான், ஒரு தமிழ்ச் சொல், அவ்வளவே. பின்னர் கிற் என்னும் கருவியின் உதவியால் நிரலகத்தின் மூலநிரல் முழுவதையும், அதன் பல்லாண்டு மாற்ற வரலாற்றோடு, தம் கணினிக்கு இறக்கிக்கொள்வார். க்னோம் திட்டத்தார் 2009ஆம் ஆண்டில் இக்கருவிக்கு மாறினர். 2018 முதலாக வழுக்களின் பதிவும் நிரற் பரிசீலனையும் கிற்லாப் என்னும் ஒரே களத்தில் நடைபெறுகின்றன. இறக்கிய மூலநிரலைத் தொகுத்து, தம் கணினியிலேயே ஒரு ஜி.ரி.கே.யைக் கட்டியெழுப்பி, அதிலும் அந்த வழு தோன்றுகின்றதா என்று பார்ப்பார். ஈற்றில் அவர் எழுதும் திருத்தம் மூன்று வரிகளாக முடியலாம். மூன்று வரிக்கு மூன்று வாரமா என்று கேட்போர் உளர். அந்த மூன்று வரி எங்கே எழுதப்பட வேண்டும் என்று அறிந்ததற்கே அந்த மூன்று வாரமும்.

திருத்தத்தோடு ஒரு விளக்கக் குறிப்பும் செல்ல வேண்டும். முதல் வரியிலே செய்தது யாதென்று சுருக்கம். ஒரு வரி இடைவெளி. அதன்பின் ஏன் செய்யப்பட்டது என்ற காரணம். என்ன செய்தோம் என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் என்பதை நிரல் காட்டாது. பத்து ஆண்டுகளின் பின் வேறொருவர் அவ்வரியைக் கண்டு, இது எதற்கு என்று திகைக்கும்போது, இக்குறிப்பே அவருக்கு விடை சொல்லும்.

அனுப்பியவுடன் முதலிற் பரிசோதிப்பவர் மனிதர் அல்லர், இயந்திரங்கள். அவை புதிய நிரலைத் தொகுத்து, நூற்றுக்கணக்கான சோதனைகளை நடத்துகின்றன. சில சோதனைகள் ஒரு விட்ஜெட்டை வரையச் செய்து, அந்தப் படத்தை முன்னமே ஒப்புக்கொள்ளப்பட்ட படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுகின்றன. உகரத்துக்கு இடம் விட்டதனால் அரபுச் சொல்லொன்று ஒரு புள்ளி கீழிறங்கியிருந்தால், அங்கே அகப்பட்டுவிடும்.

அதன்பின்னர் பராமரிப்பாளர்களின் பரிசீலனை. இங்கேதான் புதியவர் பலர் மனந்தளருகின்றனர். அடைப்புக்குறிக்கு முன் ஓர் இடைவெளி விட வேண்டும் என்பதுபோன்ற சிறு குறிப்பிலிருந்து, நினைவகத்தைப் பெற்றவிடத்திலே திருப்பிக் கொடுத்தீரா என்பது வரை கேள்விகள் வரும். சுட்டியைத் தொடாமல் சாவிப்பலகையால் மட்டும் இந்த விட்ஜெட்டை இயக்க முடியுமா? பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துச் சொல்லும் செய்நிரல் இதனைப் பொத்தான் என்று அறியுமா, அழுத்தப்பட்டதா இல்லையா என்பதைக் கூறுமா? வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் இது பக்கம் மாறி நிற்குமா? இவற்றுள் எதற்கும் விடையில்லாத நிரல், அழகாக இயங்கினாலும் திரும்பி வரும். மறுமொழிகள் பெரும்பாலும் சுருக்கமானவை. ‘ஐயா’, ‘அம்மா’ என்ற விளியோ, முகமனோ அங்கு இல்லை. நம் வழக்கிற் பழகியவர்க்கு அது கடுமையாகத் தோன்றலாம். மறுபுறத்தில், பேராசிரியர் ஒருவரின் நிரலில் உள்ள பிழையை முதலாண்டு மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டினால், அங்கு எவரும் புருவம் உயர்த்துவதில்லை. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுவது தவறாகாது. ஏனெனில், திரையுறுப்புகளை ஆங்கிலத்தை மட்டும் மனத்திற் கொண்டு செய்தால் என்ன நேரும் என்பதற்கு நம் எழுத்தே நல்ல சான்று. ‘கொழும்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. யுனிகோட் முறையிலே கணினி அதனை எட்டுக் குறியெண்களாக வைத்திருக்கின்றது: ககரம், ஒகரக் குறி, ழகரம், உகரக் குறி, மகரம், புள்ளி, பகரம், உகரக் குறி. அவ்வெட்டையும் பெரும்பாலான கணினிகள் சேமித்து வைக்கும் முறையில், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று வீதம் இருபத்துநான்கு பைற்று வேண்டும். ஆங்கிலத்தில் அந்நகரின் பெயர் ஏழு எழுத்து, ஏழு குறியெண், ஏழே பைற்று. ஊர்ப் பெயருக்கு இருபது பைற்று தாராளம் என்று கருதி ஒருவர் எல்லை வகுத்தால், இந்நாட்டின் பெருநகரம் அப்பெட்டியில் அடங்காது. அடங்காதது மாத்திரமன்று, இருபதாவது பைற்றிலே வெட்டினால், பகரத்தின் நடுவிலே வெட்டு விழுந்து, பொருளற்ற ஒரு குறி தோன்றும். ஜி.ரி.கே.யின் உரைப்பெட்டி தன் எல்லையைப் பைற்றுகளில் எண்ணுவதில்லை, குறியெண்களில் எண்ணுகின்றது. ஆதலால் வெட்டு நடுவிலே விழாது. எனினும், எட்டு என்று எல்லை வகுத்தவர் எட்டு எழுத்தை எண்ணியிருப்பார். தமிழர்க்குக் கிடைப்பது நான்கு.

‘கொ’ என்பதிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. நினைவகத்தில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக உள்ளன; திரையிலோ கொம்பு முன்னும், காலொன்று பின்னுமாக ககரத்தை இருபுறமும் அணைத்து நிற்கின்றன. இடஞ்சுட்டியை நகர்த்தும்போது, கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே அது நிற்கக் கூடாது. அழிக்கும் சாவியை அழுத்தினால் எழுத்து முழுவதும் மறைய வேண்டுமா, குறி மட்டும் மறைய வேண்டுமா? மொழிக்கு மொழி விடை வேறு. இதற்கென்றே பாங்கோ, உரையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கின்றது: இங்கே இடஞ்சுட்டி நிற்கலாமா, அழித்தால் எவ்வளவு அழிய வேண்டும் என்று. பாங்கோ என்ற பெயரே, ‘எல்லாம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் ‘மொழி’ எனப் பொருள்படும் யப்பானியச் சொல்லையும் இணைத்து ஆக்கப்பட்டது. 2002 மார்ச்சில் வெளிவந்த ஜி.ரி.கே. 2.0 அதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் தமிழை எழுத முனைந்தவர்கள், எழுத்துருவிலே செய்த பல தந்திரங்களை நம்பியிருந்தனர்.

இன்னோர் எடுத்துக்காட்டு, இது எழுத்தைப் பற்றியதன்று, வாக்கியத்தைப் பற்றியது. கோப்பு ஒன்றைக் கோப்புறை ஒன்றுக்குப் பிரதி செய்வதாகத் திரையிலே அறிவிக்க வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவர், ‘பிரதி செய்கின்றது’ என்ற சொல்லையும், கோப்பின் பெயரையும், ‘இற்கு’ என்ற சொல்லையும், கோப்புறையின் பெயரையும் தனித்தனியே வைத்து ஒட்டிவிடுவார். ஆங்கிலத்தில் அது வாக்கியம். தமிழிலோ வினை ஈற்றில் வரவேண்டும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்ட வேண்டும். துண்டு துண்டாக மொழிபெயர்த்தால் கிடைப்பது உளறல். ஆகவே வாக்கியம் முழுவதையும் ஒன்றாக வைத்து, பெயர்கள் வரவேண்டிய இடங்களை மட்டும் எண்ணிட்டு வெற்றிடமாக விட வேண்டும் என்பது விதி. அப்பொழுது தமிழாக்குவோர் இரண்டாவது வெற்றிடத்தை முதலில் வைத்துக்கொள்ளலாம். சொற்களை ஒட்டிச் செய்த நிரல் பரிசீலனையில் அகப்பட்டுத் திரும்புவது, பெரும்பாலும் தமிழையோ யப்பானியத்தையோ அறியாத ஒருவர் அவ்விதியைக் காப்பதனால்தான்.

இவ்வளவு கேள்விகள் ஏன் என்று கேட்கலாம். கொடுப்பதை வாங்கிக்கொண்டால் என்ன? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

இவ்விடத்தில் நான் பழமொழியோடு உடன்படுவதற்கில்லை. மாட்டைப் பெற்றவர் நாள்தோறும் அதற்குத் தீனி வைக்க வேண்டும். நிரலும் அத்தகையதே. கொடுத்தவர் ஒருநாட் கொடுத்துவிட்டுப் போகலாம். ஏற்றவர் ஆண்டாண்டாக அதனைக் காக்க வேண்டும். அந்நிரலை நம்பி வேறு செய்நிரல்கள் எழுதப்பட்டுவிடும். கிம்ப், இன்க்ஸ்கேப், எக்ஸ்.எஃப்.சி.ஈ. மேசைச்சூழல் எனப் பலவும் ஜி.ரி.கே.யின்மீது நிற்பவை. பொத்தானின் பெயரையோ நடத்தையையோ ஒருவர் மாற்றினால், அவர் ஒருபொழுதும் கண்டிராத செய்நிரல்கள் உடையும். ஆதலால் ஒரு பெரும்பதிப்பின் வரிசை முடியும் வரை, ஒருமுறை கொடுத்த வாக்கை மீறுவதில்லை என்பது இத்துறையின் நியதி. ஒரு நிரலை ஏற்பது, அதனை விலக்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு இழப்பதாகும். அதைச் செய்பவர்களோ மிகச் சிலர். நிறுவனங்களிற் சம்பளம் பெற்று இப்பணி புரிவோர் சிலர். ஓய்வு நேரத்திற் புரிவோர் பலர்.

இதற்கு ஒரு சான்று கூறுகின்றேன். 2004 மார்ச்சில் வெளிவந்த ஜி.ரி.கே. 2.4 பதிப்பிலே, கோப்புகளைத் தெரிந்தெடுப்பதற்குப் புதிய சாளரம் ஒன்று அமைக்கப்பட்டது. அதிலே கோப்புகளின் பெயர்கள் பட்டியலாகத் தோன்றின. புகைப்படம் ஒன்றைத் தேடுபவர்க்கு, பெயர்கள் எண்களாகவே இருக்கும்போது பட்டியலாற் பயன் என்ன? படங்களைச் சிறு உருவாக்கிக் கட்டங்கட்டமாகக் காட்டுங்கள் என்று, அதே 2004ஆம் ஆண்டிலேயே வேண்டுகை பதிவாயிற்று. அது நிறைவேறியது எப்பொழுது? 2022ஆம் ஆண்டின் இறுதியில். பயனாளர் கைக்கு வந்தது 2023 மார்ச்சில், 4.10 பதிப்பில். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல்! கேலிப் படங்கள் வரையப்பட்டன. நடுவிலே சிலர் ஒட்டுத் திருத்தங்களைத் தாமே எழுதி, மூல நிரலகத்துக்கு வெளியே வைத்துப் பகிர்ந்துகொண்டனர்.

சோம்பல் என்று கூறி முடிப்பது எளிது. தாமதத்திலே கவனக்குறைவு எதுவும் இல்லை என்று நான் வாதிட வரவில்லை. மக்கள் கேட்டதைப் பிந்தித் தருவது பெருமையும் அன்று. ஆனால் உள்ளே இருந்த சிக்கலையும் காண வேண்டும். பத்தாயிரம் படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால், பத்தாயிரம் சிற்றுருவங்களையும் ஒருமிக்க ஆக்கினால் சாளரம் உறைந்து நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் சில கட்டங்களை மட்டும் ஆக்கி, நகர்த்தும்போது அவற்றையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பட்டியல் விட்ஜெட் ஒன்று வேண்டும். அத்தகையது 2020 டிசெம்பரில் வந்த ஜி.ரி.கே. 4.0 பதிப்பிலேதான் அமைந்தது. அடித்தளம் அமைந்த பின் மேற்கட்டு இரண்டே ஆண்டில் எழுந்தது. வெளியே பகிரப்பட்ட ஒட்டுகள், பயன்படுத்தியவர்க்குப் பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. அவை பழைய அடித்தளத்தின்மீது வைத்த கூரைகள். எழுதியவர் களைத்து விலகியிருந்தால், ஒவ்வொரு பதிப்புக்கும் அக்கூரையை மீண்டும் வேய்வது யார் பொறுப்பு? உள்ளே இருப்பவர்கள் கேட்ட கேள்வி அதுவே. அக்கேள்விக்கு, ‘நான்’ என்று எழுந்து நின்று, நின்ற இடத்தைவிட்டு அகலாதவர் ஒருவர் பல ஆண்டுகளாகக் கிடைத்திலர்.

மாற்றத்தின் விலையைத் தாய்ச் செய்நிரலான கிம்ப் தானே செலுத்தியது. ஜி.ரி.கே. 3.0 பதிப்பு 2011 பெப்ரவரியில் வெளிவந்தது. எந்தச் செய்நிரலுக்காக அந்நிரலகம் பிறந்ததோ, அந்தக் கிம்ப் தன் பழைய விட்ஜெட்களைக் களைந்து புதியவற்றை அணிந்துகொள்ளப் பதினான்கு ஆண்டு எடுத்தது. ஜி.ரி.கே. 3இன்மீது அமைந்த கிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சிலேயே வெளிவந்தது. அதற்கிடையில் ஜி.ரி.கே. 4 வந்து நான்கு ஆண்டு கடந்திருந்தது. இரண்டாம் வரிசையின் பராமரிப்பும் முற்றாக நின்றுவிட்டிருந்தது. பெற்ற தாய் பின்தங்கப் பிள்ளை ஊர்சுற்றிய இந்தக் காட்சியைக் கண்டு நகைப்பதற்கில்லை. கிம்பை எழுதுவோரும் ஒரு கைவிரல்களில் எண்ணத்தக்கவர்களே. வரி வரியாக மாற்ற வேண்டிய நிரலோ மலைபோன்றது.

இத்துறையில் நம் நாட்டவர்க்கு இடமுண்டா என்று கேட்பின், இடம் முன்னமே பெறப்பட்டுள்ளது என்பேன். மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் திறந்த மூலத் திட்டங்களுக்கு நிரல் எழுதுவதற்கு உதவித்தொகை அளிக்கும் கூகிள் நிறுவனத்தின் ஏற்பாடொன்று 2005ஆம் ஆண்டிலே தொடங்கியது. க்னோம் திட்டமும் அதிற் பங்கு கொண்டது. முதற் பத்தாண்டுகளின் கணக்கை எடுத்தபோது, உலகின் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் மிகுதியான மாணவரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. ஆற்றல் பற்றிய ஐயத்துக்கு அங்கே விடை உண்டு. கோடை முடிந்த பின் எத்தனை பேர் தாம் எழுதிய நிரலுக்குக் காவலராகத் தொடர்ந்தனர் என்பது வேறு கேள்வி. அது மொறட்டுவைக்கு மட்டும் உரிய கேள்வியும் அன்று.

தொடங்க விரும்புவோர் பெரிய விட்ஜெட் ஒன்றைப் புதிதாக ஆக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அவ்வாறு வருவது பெரும்பாலும் ஏற்கப்படுவதும் இல்லை. முன்னமே உள்ளவற்றைக் காப்பதற்கே ஆள் போதாது. வழுப் பதிவேட்டிலே புதியவர்க்கு ஏற்றவை என்று குறியிடப்பட்ட சிறு வேலைகள் உள. நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் வேலை உண்டு. தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பிலே பொருந்தாத சொற்களைத் திருத்தலாம். விளக்க நூலிலே தெளிவற்ற பந்தியைத் தெளிவாக்கலாம். தமிழ் எழுத்தை நாள்தோறும் கணினியில் எழுதுவோர் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கின்றது. அதனைப் பிறநாட்டார் செய்ய இயலாது. உரைப்பெட்டியில் ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ முதலியவற்றை இட்டு, இடஞ்சுட்டியை முன்னும் பின்னும் நகர்த்தி, அழித்து, தெரிந்தெடுத்து, ஒட்டிப் பாருங்கள். கோணலாக ஏதேனும் தோன்றினால் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது, ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள்; தமிழ் அறியாத பராமரிப்பாளர்க்கு அதனால் ஒன்றும் விளங்காது. எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்தச் சொல்லை இட்டீர்கள், திரையில் என்ன தோன்றியது, என்ன தோன்றியிருக்க வேண்டும் என்பனவற்றைக் குறித்து, திரையின் படத்தையும், சரியான வடிவம் உள்ள படத்தையும் அருகருகே இணைத்து அனுப்புங்கள். மறுமொழி ஒரு நாளிலும் வரலாம், ஓராண்டிலும் வரலாம். மேலதிகமாக ஒரு விவரம் கேட்டு அது வரும். அந்த விவரத்தை அனுப்ப நீங்கள் அங்கு இருக்க வேண்டும்.